ஐந்து வயர், ஆறு டெர்மினல்: பாரிஸ் ரிசீவரைப் பாண்டியில் மாட்டுவது எப்படி?

முத்தியால்பேட்டையில் பன்னிரண்டு வீடு கொண்ட பழைய அபார்ட்மெண்ட்; உங்கள் வீடு மூன்றாவது மாடி. பையன் இழுத்த இழுப்பில் இன்டர்காம் ரிசீவர் கீழே விழுந்து பிளந்துவிட்டது. பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா, அங்கே வாங்கிய புது ரிசீவர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். சுவரிலிருந்து வருவது ஐந்து வயர். புதியதில் டெர்மினல் ஆறு. எண்களும் ஒத்துப்போகவில்லை. "ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று மாட்டிப் பார்க்கலாமா? ஆறாவதை என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டிப் பார்க்காதீர்கள். டெர்மினலில் இருக்கும் எண் அந்தக் கம்பெனி தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட எண். ஒருவருக்கு 1 என்பது மைக்காக இருக்கும், இன்னொருவருக்கு அதுவே கதவு லாக்காக இருக்கும். வயரின் நிறத்துக்கும் அதே கதைதான். கட்டடம் கட்டியபோது எலக்ட்ரீஷியன் கையில் என்ன கேபிள் இருந்ததோ அதை இழுத்திருப்பார். இரண்டாவது மாடியில் கேபிள் தீர்ந்து வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. சிவப்பு என்றால் ப்ளஸ், கறுப்பு என்றால் மைனஸ் என்ற நம்பிக்கையை இன்டர்காம் பெட்டியின் முன்னால் கழற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வயரும் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அது தெரிந்துவிட்டால் மாட்டுவது பத்து நிமிட வேலை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம். நம் ஊர் அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த ஐந்து வயர் ரகம் இல்லை. வாட்ச்மேன் மேஜையில் ஒரு போன், வீட்டில் சாதாரண டெலிபோன் மாதிரி ஒரு போன், நம்பர் அடித்தால் பக்கத்து வீட்டுக்கும் பேசலாம் என்றால் உங்களிடம் இருப்பது இபிஏபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச். அதற்கு இரண்டே வயர்தான். ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது அந்த இரண்டு வயருக்கு நடுவே 24 முதல் 48 வோல்ட் வரை டிசி காட்டும். ரிசீவரை எடுத்தால் பத்து வோல்ட்டுக்குக் கீழே விழும். கடையில் விற்கிற எந்த சாதாரண பட்டன் போனும் அதில் வேலை செய்யும், வயரை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் டோன் பக்கம் தள்ளி வையுங்கள். வெறும் கையால் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். சரியாக அந்த நேரம் யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். ஆளைக் கொல்லாது, ஆனால் ஏணியில் நின்றிருந்தால் இறக்கிவிடும்.

அந்த ரகத்தில் புது போன் வாங்கக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டு போனை வாங்கி உங்கள் ரோசெட்டில், அதாவது சுவரில் போன் வயர் சொருகும் பெட்டியில், சொருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் லைனில் குறையில்லை. பிறகு அந்த போனின் சுருள் வயரை மட்டும் கழற்றி உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த "செத்துப்போன" போன்களில் பாதிக்கு மேல் சுருள் வயர்தான் செத்திருக்கும், பிளக் பக்கத்து மடிப்பில். பரிசோதிக்காமல் புது போன் வாங்குவது கால் வலிக்குச் செருப்பு மாற்றுகிற வேலை.

இன்னொரு ரகம், வீட்டுக்கு இரண்டே வயர் வரும் டிஜிட்டல் பஸ். எல்லா வீடும் அதே இரண்டு வயரில் தொங்கும். எந்த வீட்டைக் கூப்பிடுகிறோம் என்பதை ரிசீவருக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச்கள் அல்லது புரோகிராமிங் தீர்மானிக்கும். அதில் அதே கம்பெனி, அதே வரிசை ரிசீவர் தவிர வேறு எதுவும் ஒட்டாது. பழையதின் சுவிட்ச்கள் எது மேலே எது கீழே என்று பார்த்து, புதியதிலும் அப்படியே வைக்க வேண்டும். சித்தப்பா கொண்டுவந்த பெட்டியின் மேல் "தெ ஃபில்" என்று, அதாவது இரண்டு வயர் என்று பிரெஞ்சில் போட்டிருந்தால் அது இந்த ஜாதி. உங்கள் ஐந்து வயருக்கு ஆகாது. மேலே படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆறு டெர்மினல் என்கிறீர்கள், எனவே அப்படி இருக்காது என்று நினைத்துத் தொடர்கிறேன்.

உங்களுடையது பழைய, நேர்மையான ரகம். இதில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நான்கு வயர் மாடி மாடியாக ஏறும். ஒன்று காமன். ஒன்று, கேட்டில் நிற்பவர் பேசுவதை உங்கள் காதுக்குக் கொண்டுவருவது. ஒன்று, நீங்கள் பேசுவதைக் கீழே கொண்டுபோவது. ஒன்று கதவு லாக். ஐந்தாவது வயர் உங்களுக்கு மட்டும் சொந்தம்: கேட் பேனலில் உங்கள் வீட்டுப் பட்டனை அழுத்தினால் பெல் அடிக்க வைப்பது. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டிலிருந்து கிளம்புவது நான்கும் பன்னிரண்டும் பதினாறு வயர்.

முதல் நான்கும் பொது என்பதை மறக்கவே கூடாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டு வயர் ஒட்டிக்கொண்டால் பன்னிரண்டு வீடும் ஊமையாகும். நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தானே புயலுக்கு அடுத்த வருஷம், 2012-இல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் ரிசீவர் மாற்றினேன். போட்டோ எடுக்கவில்லை, வயரில் பெயர் எழுதவில்லை, எல்லாவற்றையும் ஒரே பிடியில் பிடுங்கிவிட்டேன். பிறகு யோசித்து யோசித்து மாட்டினேன். பேச்சு நன்றாகக் கேட்டது. காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். லாக் வயரும் காமனும் உள்ளே ஷார்ட்டாகி நின்றதைக் கவனிக்கவில்லை. ராத்திரி முழுக்க கேட் "ர்ர்ர்" என்று உறுமிக்கொண்டு திறந்தே கிடந்திருக்கிறது. அந்த லாக்கின் காயில் சில வினாடி மட்டும் கரண்ட் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. விடிவதற்குள் அது கருகிவிட்டது. வாங்கிய கூலியைப் போல மூன்று மடங்கு லாக்குக்குக் கொடுத்தேன். வாட்ச்மேன் பெரியவர் மட்டும், "ஏன் தம்பி, திருடனுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னு நெனைச்சியா?" என்று கேட்டார். அது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் முதலில் போட்டோ. பழைய ரிசீவரின் பின்பக்கப் பலகை இன்னும் சுவரில் இருக்கிறது, வயர்களும் அதில்தான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு திருகுக்கும் எந்த வயர் போகிறது என்று தெளிவாகத் தெரியும்படி நாலைந்து போட்டோ எடுங்கள். காகித டேப்பைச் சின்னதாகக் கிழித்து ஒவ்வொரு வயரிலும் பழைய டெர்மினல் எண்ணை எழுதி ஒட்டுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஏசி 600 வோல்ட் நிலையில் வைத்து, ஒவ்வொரு வயரையும் மற்றதோடும், பக்கத்து பிளக்பாயிண்டின் எர்த்தோடும் அளந்து பாருங்கள். இன்டர்காமில் இருக்க வேண்டியது பன்னிரண்டு வோல்ட் சுற்று வட்டாரம்தான். ஆனால் பழைய கட்டடங்களில் இன்டர்காம் கேபிளையும் 230 வோல்ட் லைனையும் ஒரே பைப்பில் ஓட்டிய புண்ணியவான்கள் உண்டு. மழையில் சுவர் ஊறி, உள்ளே இன்சுலேஷன் கடிபட்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும். எங்கேயாவது முப்பது வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கீழே இருக்கும் பவர் சப்ளை பெட்டியையும் நீங்கள் திறக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்தச் சமயம் நனைந்து, பிறகு காய்ந்து, வெளியே சாது மாதிரி உட்கார்ந்திருக்கும் பெட்டிகள் ஊரில் நிறைய. வயரைக் கழற்றும்போது அந்தப் பெட்டியின் சுவிட்சை வாட்ச்மேனிடம் சொல்லி அணைத்து வையுங்கள், அது போதும். அளந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும் போட்டால் சரி.

இப்போது உடைந்த ரிசீவர். அதைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய விடை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வயரைக் கழற்றிய பிறகு மீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது தொடும் இரண்டும் உள்ளே இணைந்திருந்தால் "பீப்" அடிக்கும் நிலையில் வைத்து, கதவு பட்டனை அழுத்திக்கொண்டு டெர்மினல்களை இரண்டிரண்டாகத் தொடுங்கள். பட்டனை அழுத்தினால் மட்டும் "பீப்" என்று வரும் ஜோடியில் ஒன்று லாக், மற்றது பெரும்பாலும் காமன். எது காமன்? காதுப்பக்கம், வாய்ப்பக்கம், பெல் மூன்றிலிருந்தும் வரும் ஒவ்வொரு கால் எங்கே போய்ச் சேருகிறதோ அதுதான். போர்டின் தடத்தைக் கண்ணால் பின்தொடர்ந்தாலே தெரிந்துவிடும். அடுத்து ரிசீவரை எடுத்த நிலையில், அதாவது ஹூக் மேலே வந்த நிலையில், மீட்டரை ஓம்ஸில் வைத்துக் காமனோடு மற்ற டெர்மினல்களைத் தொடுங்கள். காதுக்குள் "டக்" என்று சின்னச் சத்தம் வந்தால் அது ஸ்பீக்கர். சத்தம் வராத இன்னொன்று மைக். ஹூக்கை அழுத்திப் பிடித்தாலும் துண்டிக்கப்படாமல் இருப்பது பெல்.

புது ரிசீவரிலும் இதையே அப்படியே செய்யுங்கள். அப்போதுதான் உங்கள் ஆறாவது டெர்மினல் மர்மம் விலகும். நான் பந்தயம் கட்டுவதென்றால் இப்படிக் கட்டுவேன்: பழையதில் கதவு பட்டனின் ஒரு காலை உள்ளேயே காமனோடு சேர்த்திருப்பார்கள். புதியதில் பட்டனின் இரண்டு காலையும் தனித்தனியாக வெளியே கொண்டுவந்திருப்பார்கள். பட்டனை அழுத்தும்போது "பீப்" வரும் ஜோடியில் இரண்டுமே காமன் இல்லையென்றால் அதுதான் நடந்திருக்கிறது. ஒன்றில் உங்கள் லாக் வயரைப் போடுங்கள். மற்றதிலிருந்து காமனுக்கு ஒரு விரற்கடை நீள வயரை ஜம்பராகப் போடுங்கள். ஐந்து வயர் ஆறு டெர்மினலில் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால், அந்த ஆறாவது உங்கள் வீட்டு வாசல் காலிங்பெல்லுக்கான உள்ளீடாக இருக்கும். அதைச் சும்மா விட்டுவிடலாம்.

பிரான்ஸ் சரக்கு என்பதால் போர்டிலோ காகிதத்திலோ பிரெஞ்சில் எழுதியிருக்கலாம். "அப்பெல்" என்றால் பெல். அதே "அப்பெல்" பக்கத்தில் "பாலியே" சேர்ந்து வந்தால் மேலே சொன்ன வாசல் பெல். "காஷ்" என்றால் கதவு லாக். "கொமன்" அல்லது "மாஸ்" என்றிருந்தால் காமன். "மிக்ரோ" உங்களுக்கே புரியும், "எக்குதர்" காதுப்பக்கம். பிரெஞ்சு படிக்க அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் போய் வந்தவர்கள் எவராவது வீட்டில் இருந்தால் காகிதத்தை அவர்களிடம் கொடுங்கள். பாண்டியில் இருக்கும் இந்த ஒரு சௌகரியம் கடலூர்க்காரனுக்கு இல்லை.

எல்லாம் பொருந்தினாலும் கவிழ்க்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, அது பெல். உங்கள் பழைய ரிசீவர் எப்படிக் கத்தியது? தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டது போல "ஙொர்ர்" என்றா, இல்லை "பீ-பூ பீ-பூ" என்று பாட்டு மாதிரியா? வண்டுச் சத்தம் என்றால் கேட்டிலிருந்து வருவது 12 வோல்ட் அளவு ஏசி, அது நேராக பஸ்ஸருக்குப் போகிறது. பாட்டு என்றால் பேனலே டோனை உருவாக்கி அனுப்புகிறது. ரிசீவரில் இருப்பது வெறும் ஸ்பீக்கர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. டோனுக்காகச் செய்த ரிசீவரில் 12 வோல்ட் ஏசியைக் கொடுத்தால் அந்தக் குட்டி ஸ்பீக்கர் எரிந்துபோகலாம். பஸ்ஸர் ரிசீவருக்கு டோனைக் கொடுத்தால் கொசு முனகுவது கூடக் கேட்காது. நினைவை நம்ப வேண்டாம் என்றால், பையனைக் கேட்டுக்கு அனுப்பி உங்கள் பட்டனை அழுத்தச் சொல்லி, பெல் வயருக்கும் காமனுக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். பத்திலிருந்து பதினைந்துக்குள் அசையாமல் நின்றால் பஸ்ஸர் ரகம். இரண்டு மூன்று வோல்ட்டில் தள்ளாடினால் டோன்.

உங்களுடையது பஸ்ஸர் ரகம், புதியது டோன் ரகம் என்று தெரியவந்தால் சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். உடைந்த ரிசீவரின் பஸ்ஸரைக் கழற்றி, புதியதின் உள்ளேயோ பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்து, பெல் வயருக்கும் காமனுக்கும் நடுவே இணைத்துவிடுங்கள். புதியதின் பெல் டெர்மினலைக் காலியாக விடுங்கள். பார்க்க அழகில்லை. ஆனால் நான் இப்படி மாட்டிய ஒன்று ரெட்டியார்பாளையத்தில் இன்றும் கத்துகிறது.

பழைய ரிசீவர் குப்பைக்குப் போய்விட்டது என்றாலும் வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரிசீவரைத் திறந்து பார்ப்பது எளிது. பெல் வயரைத் தவிர மற்ற நான்கும் அதே டெர்மினலில்தான் போகும். அவர்கள் ஊரில் இல்லையென்றால், கேட்டில் பட்டனை அழுத்தினால் மட்டும் உயிர் வருகிற வயர் பெல். யாரும் எதையும் தொடாமலே காமனோடு 12 வோல்ட் ஏசி நிலையாகக் காட்டும் வயர் பெரும்பாலும் லாக். மிஞ்சிய இரண்டில், காமனோடு சேர்த்து ஒரு பழைய டெலிபோன் காதுக் குமிழைத் தொட்டுப் பாருங்கள். எதில் கீழே ரோட்டில் போகிற ஆட்டோ சத்தம் கேட்கிறதோ அது ஸ்பீக்கர் வயர். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஒரு காதுக் குமிழை இதற்காகவே பையில் வைத்திருக்கிறேன்.

மாட்டும் வரிசை: காமன், ஸ்பீக்கர், மைக், பெல். லாக் கடைசி. ஒவ்வொன்றையும் மாட்டியதும் சப்ளையைப் போட்டு, கீழே நிற்பவரோடு பேசிப் பாருங்கள்; லாக்கை மாட்டும்போது அவர் காதைக் கேட்டில் வைத்திருக்கட்டும். பட்டனை அழுத்தாமலே லாக் உறுமினால் உடனே பிடுங்கிவிடுங்கள். மஞ்சக்குப்பம் கதை திரும்ப வேண்டாம்.

கடலோர ஊர் என்பதால் ஒரு வார்த்தை. இன்சுலேஷனைச் சீவியதும் செம்பு பளபளவென்று தெரிய வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் அது பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும், திருகில் அழுத்தினால் ஒடியும். பச்சை போகும் வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் போதவில்லை என்றால் ஜெல்லி வைத்த கனெக்டர் போட்டு நீட்டுங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால் இரண்டு வெயிலில் டேப் பிசுபிசுத்து வழிந்துவிடும்.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகளில் அடிக்கடி பார்ப்பவை: உங்களுக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை என்றால் மைக் வயர் தவறு, அல்லது மைக்குக்கு ப்ளஸ் மைனஸ் மாறிவிட்டது. "ம்ம்ம்" என்று ஓயாத ரீங்காரம் என்றால் காமன் என்று நீங்கள் நினைத்தது காமன் இல்லை. விசில் அடித்தால் பெரும்பாலும் வயரில் பிழையில்லை, கேட் பேனலுக்குள் வால்யூம் திருகு ஒன்று இருக்கும், அதைக் கால் சுற்று குறைக்க வேண்டும். பேனல் எல்லோருக்கும் பொது என்பதால் அதை அசோசியேஷனிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். பக்கத்து வீட்டார் பேசுவது உங்கள் ரிசீவரில் கேட்டால் அது கோளாறே இல்லை. இந்த ரகத்தில் யார் எடுத்தாலும் பொது லைன்தான். உங்கள் பேச்சும் அவர்களுக்கு இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பெல் டெஸ்டில் என்ன வோல்ட் வந்தது, புது போர்டில் ஆறு டெர்மினல் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். எந்த வயர் எங்கே என்று வரைந்து தருகிறேன். அதுவரை லாக் வயரின் முனையில் டேப் சுற்றியே வைத்திருங்கள்.